கை தூக்காத மாணவர்கள்

போன வியாழக்கிழமை மயிலாப்பூரில் ஒரு தொண்டை டாக்டரிடம் போயிருந்தேன். பத்து நாளாகக் குரல் சரியில்லை. போனை எடுத்து "ஹலோ" என்றால், எதிர்முனையில் இருப்பவர் "சார், மேடத்தைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?" என்கிறார்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார். டீச்சரா என்று கேட்டார். இல்லை. பாடுவீர்களா? இல்லை. அப்படியானால் ரொம்பப் பேசுகிற வேலையா?

வீட்டில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னைக்குக் காலையில எழுந்ததிலிருந்து யார் யார்கிட்ட பேசினீங்க?"

யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது மணி மாலை ஐந்தரை. காலை எட்டு மணிக்குக் கீரைக்காரம்மா வாசலில் நின்று, "இன்னாம்மா, முளைக்கீரை கீது, வாணாமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு சொல்...

டாக்டர் சிரிக்கவில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை, பேசாமலே இருந்தாலும் குரல் இப்படிக் கட்டிக்கொள்ளும் என்றார். வெந்நீர் குடிக்க வேண்டுமாம், தினமும் கொஞ்ச நேரம் வாய்விட்டுப் பேச வேண்டுமாம். யாரிடம் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ராஜா அண்ணாமலைபுரம் திரும்பும் வழியில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்ற ஒரு வருஷத்தில் நான் பேசாமல் இல்லை. நிறையவே பேசியிருக்கிறேன். ஆனால் எல்லாம் விரலால்.

அந்தக் கதையை இந்த வாரப் பத்தியில் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: படித்தது பி.ஏ. பொருளாதாரம். பார்த்தது தி.நகரில் ஓர் ஏற்றுமதி ஆபீஸில் ஸ்டெனோ வேலை. அங்கே ஒருநாள் முதலாளி, "நீதான் வேகமா டைப் அடிக்கறியே, நம்ம கம்பெனிக்கு ஒரு வெப் பேஜ் அடிச்சுக் குடு" என்றார். வெப் பேஜ் என்பது டைப் அடிக்கிற சமாச்சாரம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அடுத்தவர்கள் செய்த பக்கங்களின் உள்ளே எட்டிப் பார்த்து, இந்த வரியை மாற்றினால் அந்த நிறம் மாறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு இதையே தொழிலாக்கிக்கொண்டேன். நாற்பது வயசுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. இதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் எங்கள் சாந்தோம் சர்ச் பங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தி.நகரில் சண்முகம் சார் என்று ஒருவர் புத்தகக் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுத் தமிழர்கள் வீட்டிலிருந்தே புத்தகம் தேடி ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. செய்து கொடுத்தேன். ஐம்பது புத்தகத்தை வைத்துச் சோதித்தபோது, தேடியது கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. மூவாயிரம் புத்தகத்தின் பெயர்களையும் ஏற்றினோம். செத்துவிட்டது. பக்கம் திறக்கவே இல்லை. என்னுடைய புரோகிராம் மெஷினையே விழுங்குகிறது, அதனால் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று சர்வர் வைத்திருந்தவர்கள் மெயில் போட்டார்கள்.

சண்முகம் சாரின் அண்ணன் மகன் சாஃப்ட்வேர் இன்ஜினியர். அன்றைக்குக் கடைக்கு வந்திருந்தான். என் புரோகிராமைப் பிரிண்ட் எடுத்து, ஒரு நிமிஷம் பார்த்தான். "இது ஓ ஆஃப் என் ஸ்கொயர், மேடம். ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக் குடுப்பாங்களே... நீங்க எந்த காலேஜ்?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. "பார்த்து சரி பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவன் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை. இரண்டு வருஷமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்து, அன்றைக்குத்தான் அகப்பட்டுக்கொண்டது போல இருந்தது.

அது என்னவென்று தெரிந்துகொள்ள லஸ் கார்னர் பழைய புத்தகக் கடையில் தேடினேன். கிடைத்ததெல்லாம் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிக்கிற வினா-விடைப் புத்தகம். கம்ப்யூட்டர் சென்டர்களில் விசாரித்தேன். என்னைப் பார்த்து, "பையனுக்கா, பொண்ணுக்கா மேடம்?" என்று கேட்டார்கள். கடைசியில் இன்டர்நெட்டில்தான் அது அகப்பட்டது. கனடாவில் ஒரு சின்ன ஊரில் ஆலன் என்று ஒரு கல்லூரி வாத்தியார். கம்ப்யூட்டர் சயன்ஸின் அடிப்படையை மெயில் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் சொல்லித் தருகிறார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பாடம், கூடவே வீட்டுப்பாடம். சேர்பவர் தன் பெயரையும் ஊரையும் அனுப்பினால் போதும். எந்த காலேஜ் என்று கேட்கவில்லை. அன்றே சேர்ந்தேன்.

முதல் வாரம் நூறு பேருக்கு மேல் இருந்தோம். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். இரண்டாவது வாரம் யாரோ ஒருவர் அப்பாவியாக ஒரு சந்தேகம் கேட்டார். உடனே இன்னொருவர், "இதுகூடத் தெரியாதவர்கள் ஏன் சேருகிறீர்கள்?" என்று பதில் போட்டார். ஆலன் அவரைக் கண்டித்தார்தான். ஆனால் நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்... இந்த வகுப்பில் நான் கை தூக்கப் போவதில்லை.

காலை ஐந்தரை மணிக்கு எழுந்து போன் லைனைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பேன். அந்த நேரத்தில்தான் சுலபமாக லைன் கிடைக்கும். மோடம் கத்தி முடித்ததும் பாடத்தை இறக்கிவிட்டு லைனைத் துண்டிப்பேன். பிறகு ஏழரை வரை படிப்பு. வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் செய்தேன். ஒன்றைக்கூட அனுப்பவில்லை.

ஏழாவது பாடம் வரிசைப்படுத்துவது பற்றி. அதைப் படிக்கும்போதுதான் என் வண்டவாளம் எனக்கே விளங்கியது. பட்டியலில் ஒரே புத்தகம் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்க்க, என் புரோகிராம் ஒவ்வொரு புத்தகத்தையும் மற்ற எல்லாப் புத்தகத்தோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பையன் சொன்ன ஸ்கொயர் இதுதான்: மூவாயிரத்தை மூவாயிரத்தால் பெருக்குங்கள்... தொண்ணூறு லட்சம். பக்கத்தை யார் திறந்தாலும் ஒவ்வொரு தடவையும் அத்தனை வேலை. எப்படித் திறக்கும்? முதலில் பெயர் வரிசையில் அடுக்கிவிட்டால், ஒரே பெயருள்ளவை தானாகப் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருமுறை நடந்து பார்த்தால் போதும்.

மாற்றி எழுதினேன். இரண்டே விநாடியில் பக்கம் திறந்தது. தி.நகருக்கு ஓடிப்போய் சண்முகம் சாரிடம் காட்டினேன். அவர் பார்த்தார். "சரி. மேல இருக்கற கடை பேரைக் கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமா?" என்றார்.

வந்த வேலை முடிந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் மெயில் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பதினோராவது பாடம் ரிகர்ஷன். ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், அது தன்னையே கூப்பிட்டு அதைவிடச் சின்ன வேலையைக் கொடுக்கும். அது மறுபடி தன்னையே கூப்பிடும். இனிச் சின்னதாக்க முடியாது என்னும் இடத்தில் நின்று, விடையோடு ஒவ்வொரு படியாகத் திரும்பி வரும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, சட்டென்று புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது என்றால் மிகையாக நினைப்பீர்கள். சிலிர்த்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும். போனைப் பார்த்தேன். யாரை? பெங்களூரில் இருக்கும் தங்கைக்கு என் வேலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒய்டூகே. "ரெண்டாயிரம் பொறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்னு போயிடுமாமே, உனக்கு வேலை இருக்குமா?" என்பாள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "இன்னும் டைப்பிங்தானாம்மா?" என்று விசாரிப்பார்கள். பால்கனிக்குப் போய் நின்றேன். எதிர் பிளாட்டில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

தெரியாததைத் தனியாகச் சுமப்பதுகூடப் பழகிவிடுகிறது. தெரிந்துகொண்டதைத் தனியாகச் சுமப்பது இருக்கிறதே... அது வேறு ரகம்.

வகுப்பு தேய்ந்துகொண்டே வந்தது. கேள்விகள் நின்றன. சண்டைகள்கூட நின்றன. ஆலனின் பாடம் மட்டும் வெள்ளி தவறாமல் வந்தது. பத்தொன்பதாவது பாடம் வரவேண்டிய வெள்ளிக்கிழமை, நவம்பர் மழையில் ஊரே நனைந்து கிடந்தபோது, பாடத்துக்குப் பதிலாக நாலு வரி வந்தது. ஆறு வாரமாக யாரும் வீட்டுப்பாடம் அனுப்பவில்லை. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. காலியான அறையில் பேசிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. யாராவது இருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நிறுத்திவிடுகிறேன்.

என்ன எழுதுவது? நான் இருந்தேன், எல்லாப் பாடத்தையும் படித்தேன், வாயைத் திறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? என் இங்கிலீஷைப் பார்த்து என்ன நினைப்பார்? அன்று முழுக்க எழுதினேன், அழித்தேன். சனிக்கிழமை காலை கடைசியாக ஒன்றை எழுதி முடித்து போனை எடுத்தால்... லைன் இல்லை. மழையில் எங்கள் தெரு முழுக்கப் போன் செத்துக் கிடந்தது. புகார் கொடுக்கப் போனால், தண்ணீர் வடிந்த பிறகுதான் பார்க்க முடியும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. என்ன பிரசங்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே தி.நகருக்கு பஸ் ஏறினேன். முழங்கால் வரை தண்ணீர். அதிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சண்முகம் சார் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓர் அவசர மெயில் அனுப்ப வேண்டும் என்றேன். என் கோலத்தைப் பார்த்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எனக்கு வீட்டில் யாரும் இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மெயில் பெட்டியைத் திறந்தேன். பதினோரு மெயில்.

மணிலாவிலிருந்து ஒருவர்: நான் இருக்கிறேன், கேள்வி கேட்கக் கூச்சம். நைரோபியிலிருந்து ஒருவர்: எல்லா வீட்டுப்பாடமும் செய்திருக்கிறேன், தப்பாக இருக்குமோ என்று அனுப்பவில்லை. போலந்து. லிமா. ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டாவதாக இருந்தது ஒரே வரி: நானும் இருக்கிறேன் — கார்த்திக், அடையாறு, சென்னை.

அடையாறு. எங்கள் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அடையாறு.

இரண்டு நாள் அடித்து அழித்து எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிப் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சண்முகம் சார், "நல்ல சேதிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன சேதி என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கார்த்திக்குக்குத் தனியாக மெயில் எழுதினேன். இன்ஜினியரிங் படிக்கிற பையனாக இருக்கும் என்று நினைத்தேன். பதிலும் அதே பெயரில்தான் வந்தது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அடையாறில் ஓர் ஓட்டலில் சந்திப்பதாக ஏற்பாடு. அடையாளத்துக்கு, பாடங்களின் பிரிண்ட் கட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த பையன்களை எல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்து முழித்தார்கள்.

ஐம்பது வயசிருக்கும், ஒரு மாமி வந்து எதிரில் நின்றார். கையில் பிளாஸ்டிக் கூடை. அதற்குள்ளிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து என் கட்டின் பக்கத்தில் வைத்தார். பிரித்தால், ஆலனின் பதினெட்டுப் பாடமும் நீல மையில், கையால் எழுதியிருந்தது.

"நீங்கதானே ஜெசிந்தா? நான் வசந்தா. கார்த்திக் என் புள்ளை. அமெரிக்காவுல படிக்கறான். மெயில் அவனோட பேர்ல இருக்கு, அதை மாத்த எனக்குத் தெரியலை."

ஆத்துக்காரர் ஒன்பது மணிக்கு பாங்குக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாராம். பையன் போகும்போது கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஆறு மாசம் தூசி தட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு அவனுக்கு மெயில் எழுதுவதற்காகக் கற்றுக்கொண்டார். அதற்கு மேல் ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். காபியை டபராவில் ஒரு தடவை ஆற்றிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். என்னடா படிக்கறேன்னு கேட்டா, உனக்குப் புரியாதும்மாம்பான். அவன் நாள் பூரா என்ன பண்ணிண்டிருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுண்டா, ரெண்டு வார்த்தை கூடப் பேசுவானோன்னு ஒரு நப்பாசை."

அவனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். முந்தின வாரம்தான் சொல்லியிருக்கிறார். ரிகர்ஷன் தெரியும், ஹேஷ் டேபிள் தெரியும் என்று. அவன் சிரித்துவிட்டு, மாவடு இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றானாம்.

"எனக்கு வருத்தமில்லை, ஜெசி. ஊறுகாயைப் பத்திப் பேசினாத்தான் அவனுக்கு அம்மாகிட்ட பேசின மாதிரி இருக்கு போலிருக்கு."

வருத்தமில்லை என்று சொல்லும்போது ஒரு முகம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆறுதலாக ஏதாவது. எனக்கு வரவில்லை. ரிகர்ஷன் உங்களுக்கு எப்போது புரிந்தது என்று கேட்டேன். அவ்வளவுதான், மாமியின் முகம் மாறிவிட்டது. அவருக்கும் மூன்று வாரம் ஆகியிருக்கிறது. குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது புரிந்து, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து நோட்டில் எழுதினாராம். யாரிடம் சொன்னீர்கள் என்றேன். "யார்கிட்ட சொல்றது?" என்றார். இரண்டு மணி நேரம் பேசினோம். சர்வர் மூன்று தடவை வந்து வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இத்தனைக்குப் பிறகு நாங்கள் உயிர்த்தோழிகளாகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஜனவரியில் இன்னொரு தடவை சந்தித்தோம். முதல் அரை மணி நேரத்தில் பாடம் தீர்ந்துவிட்டது. பிறகு அவர் தெருவைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு பக்கத்துக்கு மெயில் எழுதினோம். எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததெல்லாம் அதில் இருந்தது. தனியாக இருந்து பழகியவர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் தூரம் கொஞ்சம் வசதியாக இருக்கிறது.

மார்ச்சில் ஆலனின் கடைசிப் பாடம் வந்தது. பன்னிரண்டு பேரும் முடித்தோம். சான்றிதழ் எதுவும் கிடையாது. ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் எழுதி, வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு நன்றி என்று ஆலன் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒட்டுவதற்குச் சுவர் இருக்கிறது, பார்ப்பதற்கு ஆள் இல்லை. அதனால் பீரோவில் இருக்கிறது.

ஏப்ரலில் வசந்தா மாமி பையனிடம் போய்விட்டார். ஆறு மாசம் இருக்கப் போகிறார். அங்கிருந்து எழுதுகிறார்: அவன் காலையில் லேப்புக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறான், சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறான், பக்கத்து அறையில் இருந்தாலும் அவனைப் பற்றி மெயிலில் தெரிந்ததைவிட அதிகமாகத் தெரியவில்லை. ஒருநாள் மட்டும், அவன் புரோகிராமில் ஒரு தப்பு எங்கே இருக்கிறது என்று அகப்படாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மாமி பின்னால் நின்று பார்த்துவிட்டு அந்த வரியைக் காட்டியிருக்கிறார். அவன் திரும்பிப் பார்த்தானாம். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டானாம். அந்த மெயிலில் அதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆலன் போன மாசம் புது வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். எண்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். புதியவர்களின் சந்தேகங்களைத் தீர்க்கப் பழைய மாணவர்களில் இரண்டு பேர் வேண்டும் என்றார். மாமியும் நானும் பெயர் கொடுத்தோம். நாலு வாரமாக, காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். ஒரு கேள்விகூட வரவில்லை.

ஆலனுக்குக் கவலை. எல்லாரும் போய்விட்டார்களோ என்று முந்தாநாள் என்னிடம் கேட்டு எழுதியிருந்தார். இல்லை, நிறுத்திவிடாதீர்கள் என்று பதில் போட்டேன்.

இவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்றால், படித்துக்கொண்டிருக்கிறார்கள்.